டீச்சரம்மா எரிக்காத கண்ணாடி வண்டி

லிங்கராஜபுரம்,
பெங்களூரு.
12 அக்டோபர் 2025

அன்பு மகள் ஐரினுக்கு அப்பா எழுதுவது. உன்னையும் மாப்பிள்ளையையும் குட்டி நீலையும் ஆண்டவர் குளிரில்லாமல் காப்பாற்றுகிறார் என்று நம்பி எழுதுகிறேன், இங்கே நானும் இந்த வயதுக்கு எவ்வளவு சுகம் வாய்க்குமோ அவ்வளவு சுகமாகவே இருக்கிறேன். தீர்ப்பு வந்த அன்று பேசியபிறகு உன்னிடமிருந்து போன் இல்லை, நான் போட்டாலும் மணி அடித்து ஓய்ந்துவிடுகிறது. கோபம் என்று எடுத்துக்கொள்ளவில்லை, வேலை இருக்கும். போனில் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும், ம், சரிம்மா என்று சொல்லி வைத்தபிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். ஆகவே கடிதம். கல்லூரி நூலகத்தில் காலமெல்லாம் அட்டை எழுதிய கை, வரிசை போடாமல் எதையும் தொடங்காது, சிரிக்காதே. சொல்ல இருப்பவை இவை:

1. உடம்பும் வீட்டுச் செய்திகளும்.
2. தீர்ப்பு, அது எப்படி வந்தது என்பது.
3. போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் நடந்த நினைவுக் கூட்டம்.
4. அம்மா நம்மை எண்ணிப் பார்க்கவில்லை என்று நீ போனில் சொன்னது. அது சரி என்றே நானும் கருதுகிறேன் என்பது.
5. அம்மாவின் சேலை, கல்லறைக்கு வைக்கப்போகும் கல்.

முதலில் உடம்பு. முழங்கால் படி ஏறும்போது மட்டும் வலிக்கிறது, சர்க்கரை டாக்டர் திட்டாத அளவில் இருக்கிறது. மழை இந்த வருஷம் விடாமல் பெய்து சமையலறை மேல்சுவர் ஊறிவிட்டது, வீட்டுக்காரரிடம் சொன்னேன், மாடோண சார், மாடோண, செய்யலாம் என்று கன்னடத்தில் சொல்லித் தலையாட்டிவிட்டுப் போனார், மறுபடி கேட்க எனக்குத் தயக்கம். மாடிவீட்டில் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் மூன்றுபேர் வந்திருக்கிறார்கள், சேலம் பக்கத்துப் பையன்கள், நல்லவர்கள், எப்போதாவது பிரியாணி கொண்டுவந்து கொடுத்து அங்கிள் காரம் பாத்துச் சாப்டுங்க என்கிறார்கள். நீலுக்குச் சளி என்று தீர்ப்புக்கு முன்பு எழுதியிருந்தாயே, வெந்நீரில் குளிப்பாட்டு, தலையை உடனே துவட்டு. இன்னொன்றும் உண்டு, எழுதலாமா என்று யோசித்தேன். மத்தியானம் சாப்பிட்டுச் சாய்ந்திருக்கும் நேரத்தில் தெருவில் சவப்பெட்டி கொண்டுபோகும் அந்தக் கண்ணாடி வண்டி போகிற சத்தம் கேட்கிறது. அதன் பின்சக்கரம் ஒன்று கீச்சென்று ஒருமாதிரி இழுத்துக் கத்தும், உனக்கு நினைவிருக்கும், சின்னவயதில் அதைக் கேட்டதும் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வாய். காய்கறித் தள்ளுவண்டியாக இருக்கும் என்று நினைத்து ஒருநாள் ஜன்னலைத் திறந்து பார்த்தேன், தெரு காலியாக இருந்தது, ஒரு டூவீலர்கூட இல்லை. சத்தம் மட்டும் மூலைவரை போய்த் திரும்பியது. எரிந்து சாம்பலான வண்டிக்குச் சக்கரம் ஏது. காது டாக்டரிடம் போகிறேன், நீ கவலைப்படாதே.

இனி தீர்ப்பு. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நீல் பெரியவனாகி ஒருநாள் இதை உன்னிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்கக்கூடும், அவனுக்காகத் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன். நம் கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு வாசல், சாலையைப் பார்த்த முன்வாசல், சாக்கடையை ஒட்டிய சின்ன வாசல். நம்மைப் போலச் சந்தா கட்டும் குடும்பங்களில் சாவு விழுந்தால் அடக்கச் சங்கத்தின் கண்ணாடி வண்டி வரும், கறுப்பு வார்னிஷ் அடித்து நாலு பக்கமும் கண்ணாடி வைத்தது, ஆறுபேர் தள்ளிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போவார்கள். காலனியில், அதாவது ஊர்க் குப்பையை அள்ளுகிறவர்களும் சாக்கடையில் இறங்குகிறவர்களும் குடியிருக்கும் வரிசை வீடுகளில், யாராவது இறந்தால் பெட்டி தோளில் போகும், சாக்கடை வாசல் வழியாக. அவர்களும் இதே கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். நாங்களும் சந்தா கட்டுகிறோம் என்று வந்தபோது சங்கம் வாங்கிக்கொள்ளவில்லை. சாதி என்ற சொல்லை ஒருவரும் வாயால் சொல்ல மாட்டார்கள், வழக்கம் என்பார்கள். உன் அம்மா நோரா மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அவள் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாய் இறந்தபோது துக்கத்துக்குப் போனவள், பெட்டியின் முன்பக்கத்தைத் தானே பிடித்துக்கொண்டு முன்வாசலில் போய் நின்றுவிட்டாள். அன்று வாசல் திறக்கவில்லை. அதற்குப்பிறகு மனு, அதிகாரிகள், பிஷப் வீடு, பத்திரிகைக்காரர்கள் என்று அலைந்து அலைந்து, கடைசியில் வாசலும் திறந்தது, வண்டியும் எல்லோருக்கும் பொது என்று ஆனது. நம் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் நம் வீட்டுக்கு வருவதை நிறுத்தியது அந்த வருஷம்தான். நான் அவளோடு ஒரு மனுவுக்கும் போனதில்லை, மனுக்களைப் பிழை பார்த்துக் கொடுத்தேன், அவ்வளவே.

சட்டப்படி வண்டி பொதுவானபிறகு, காலனியில் சாவு என்றால் மட்டும் வண்டி ரிப்பேர் ஆகும். அச்சு உடைந்திருக்கும், கண்ணாடி ஆடும், சாவி வைத்திருப்பவர் ஊருக்குப் போயிருப்பார். 2003 கல்லறைத் திருநாளன்று, ஊரே மெழுகுவர்த்தியோடு கல்லறைகளில் கூடியிருந்தபோது, அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. முந்தின வாரம் காலனியில் ஒரு குழந்தை இறந்து அதற்கும் வண்டி ரிப்பேர். இந்த ஜனத்துக்கு வராத வண்டி யாருக்கும் வர வேணாம் என்று எல்லோர் காதிலும் விழச் சத்தம்போட்டுச் சொன்னாள். அன்று இரவே வண்டி ஷெட்டு எரிந்தது, வண்டியோடு. அணைக்கப் போன காவல்காரரின் இரண்டு கையும் வெந்துபோயின. விடிந்ததும் போலீஸ் நம் வீட்டில். அவள் கட்டியிருந்த நீலச் சேலையை எடுத்துப் போனார்கள், அதில் மண்ணெண்ணெய் வகைப்பட்ட கறை இருக்கிறது என்று பரிசோதனையில் வந்தது. கேட்பாரற்ற கல்லறைகளுக்கெல்லாம் சாயங்காலம் முழுக்க அவள் ஒருத்தியே குனிந்து குனிந்து மெழுகுவர்த்தி ஏற்றியவள், முந்தானையெல்லாம் மெழுகு. மெழுகும் அதே வகை எண்ணெயிலிருந்து வருவதுதானே என்று யாரும் கேட்கவில்லை. சொன்ன வார்த்தை இருந்தது, கறை இருந்தது, கீழ்க் கோர்ட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. ஜெயில், பிறகு அப்பீலில் ஜாமீன், பிறகு நோய். 2014இல் அவள் போனபோது சங்கத்தின் புது மோட்டார் வண்டியைக் கேட்டேன். எரித்தவளுக்கு வண்டியா என்று யாரோ சொன்னார்கள், யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. காலனி ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள், முன்வாசல் வழியாக. அந்த வண்டிக்காகப் போராடியவள் ஒருத்தி மட்டும் அதில் ஏறவில்லை.

இறந்தவருக்காக நெருங்கிய உறவினர் அப்பீலைத் தொடர்ந்து நடத்தலாம் என்று ஒரு விதி உண்டு. கையெழுத்துப் போட்டேன். அதற்குமேல் அந்தக் கட்டு தூசியில் கிடந்தது. பழைய வக்கீல் காலமாகி, கட்டு சோஃபியா கைக்கு வந்தது, நீ வீடியோவில் பார்த்திருக்கிறாய், ஒல்லியாக, வேகமாகப் பேசும் பெண். அவள் போன வருஷக் கல்லறைத் திருநாளில் சாயங்காலம் முழுக்கத் தோட்டத்திலேயே ஒரு கல்லறை மேடையில் உட்கார்ந்திருந்தாள். ஜனம் கலைந்தபிறகு தோட்ட வேலையாட்கள் பாதி எரிந்த மெழுகுவர்த்திகளைக் கூட்டிச் சாக்குகளில் கட்டுவதைப் பார்த்தாள். அந்த மெழுகைக் கிலோக் கணக்கில் விற்று எடுத்துக்கொள்வது அவர்களுடைய பாத்தியதை, வெகுகாலமாக, அது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். மூட்டைய எங்க வெப்பீங்க என்று கேட்டாளாம். முன்னெல்லாம் வண்டி ஷெட்டுல வெப்போம் மேடம், இப்ப வெக்கறதில்ல என்றானாம் ஒருவன். ஏன் இப்ப வெக்கறதில்ல என்று கேட்டாளாம். அவன் பக்கத்திலிருந்தவனைப் பார்த்தான், மற்றவன் சாக்கைக் கட்டக் குனிந்துகொண்டான். சோஃபியா விடவில்லை, காலனிக்குத் திரும்பத் திரும்பப் போனாள். கடைசியில் ஜெசிந்தா வந்தாள். தோட்டத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்த சூசைமாணிக்கத்தின் மகள், உன் வயதுதான், இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. அப்பா போன வருஷம் இறந்துவிட்டாராம். அன்று மூட்டையை ஷெட்டில் வைத்தது தன் அப்பாதான், ஏதோ ஒரு திரி அணையாமல் உள்ளே போயிருக்கிறது, டீச்சரம்மாவுக்கு அது மறுநாளே தெரியும் என்று பிரமாணம் செய்து எழுதிக் கொடுத்தாள். ஹைகோர்ட்டில் தீர்ப்பு வாசிக்கச் சில நிமிஷம்கூட ஆகவில்லை, தண்டனை ரத்து, குற்றம் செய்தவர் அல்ல என்று. எனக்குப் பக்கத்தில் தன் கேஸுக்காகக் காத்திருந்த ஒருவர் ஏனாய்த்து சார், என்ன ஆயிற்று என்று கன்னடத்தில் கேட்டார். முகீத்து என்றேன். முடிந்தது என்று சொல்லிவிட்டேனே தவிர எது முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து உனக்குப் போன் போட்டேன். நீ அழுவாய் என்று நினைத்தேன். அப்ப அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு, தெரிஞ்சே போயிருக்காங்க, நம்மள நெனச்சுப் பாத்தாங்களாப்பா என்று கேட்டாய். நான் ம் என்றேன். நீ வைத்துவிட்டாய்.

மூன்றாவது, கூட்டம். அடக்கச் சங்கத்துக்கு இப்போது ஜாய்சன் என்று ஒரு பிள்ளை செயலாளர், கார் கம்பெனியில் வேலை, நல்ல மனசு. வீட்டுக்கு வந்து, அங்கிள், எங்க தாத்தா காலத்துல நடந்தது, நாங்க சரி பண்ணணும் என்றான். கோயில் மண்டபத்தில் அம்மாவின் பெரிய படம், மல்லிகை மாலை. படத்தைப் பெரிதாக்கிய ஸ்டூடியோக்காரன் அவளைச் சிவப்பாக்கிவிட்டான், அவள் பார்த்திருந்தால் இது யாருங்க என்று கேட்டிருப்பாள். சாமியார் ஜெபம் சொன்னார், ஜாய்சன் பேசினான், குற்றமற்ற தாய், மாசற்ற தாய் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ரிப்பேர் என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை, சாக்கடை வாசல் என்றும் வரவில்லை, கேட்கிறவர்களுக்கு ஏதோ தவறான முகவரிக்குப் போலீஸ் வந்துவிட்டதைப் போல இருந்திருக்கும். எழுந்து சொல்லலாமா என்று நினைத்து நினைத்து நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் காலனிப் பெரியவர்கள் இருந்தார்கள். அதில் ஒருவர் எழுந்து, மைக் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, அப்ப டீச்சரம்மா வண்டிய எரிக்கவே இல்லியா என்று கேட்டார். இல்லை ஐயா, அதுதான் தீர்ப்பு என்றான் ஜாய்சன். பெரியவர் முகம் விழுந்துவிட்டது. அடப் போங்கப்பா, ரெண்டு தலமொறையா அந்தத் தீயச் சொல்லித்தான் புள்ளைங்களுக்குத் தைரியம் குடுத்தோம், இப்ப வந்து மெழுகுவத்தின்றீங்க என்றார். சிலர் சிரித்தார்கள், சிலர் உஷ் என்றார்கள். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நீயும்கூட அம்மாதான் எரித்தாள் என்று நம்பி, அதற்காகவே அவளை மனதில் தூக்கி வைத்திருந்தாய், ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாய். அந்தத் தீ இல்லாமல் அவளை எங்கே வைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை.

அப்போது ஜெசிந்தா எழுந்து வந்தாள். பேச வராதவள் பேசுகிற மாதிரி, படத்தையே பார்த்துக்கொண்டு பேசினாள். தீ எரிஞ்ச மறுநாள் எங்கப்பா அழுதுகினே ஸ்டேஷனுக்குக் கெளம்பிட்டாரு, நாந்தான் மூட்டைய வெச்சேன்னு ஒத்துக்கறேன்னு. அதுக்குள்ள டீச்சரம்மாவப் புடிச்சிக்கினு போய்ட்டாங்க. அப்பா போயி ஸ்டேஷன் ஜன்னலாண்ட நின்னாரு. டீச்சரம்மா அவுரப் பாத்து, நீ வாயத் தொறந்தா தெரியாம வெச்சன்னு எவனும் நம்ப மாட்டான், காலனிக்காரன் வேணும்னே வெச்சான்னுதான் சொல்லுவான், ஒன்னோட போவாது, எல்லாரையும் தோட்டத்த வுட்டுத் தொரத்துவான், முன்வாசலையும் சாத்துவான், வூட்டுக்குப் போ அப்டின்னாங்களாம். எங்கம்மா அப்பவே செத்துப் போச்சு. ஒம் பொண்ணுக்கு ஒன்ன வுட்டா யாரு இருக்கா, போ அப்டின்னாங்களாம். அதற்குப்பின் அம்மா என்னைப்பற்றிச் சொன்ன ஒன்றையும் ஜெசிந்தா சொன்னாள், மண்டபம் சிரித்தது, நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டேன். அது இங்கே தேவையில்லை. இப்போது அந்தப் பெரியவர் எழுந்து நின்று கைதட்டினார். பிறகு வடையும் காபியும். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

நான்காவது. நீ கேட்டதைத் திருப்பித் திருப்பி யோசித்துப் பார்த்தேன், உன் பக்கம் நியாயம் இருக்கிறது. ஜெசிந்தாவுக்கு அப்போது பதினேழு வயது, உனக்கும் அதே பதினேழு. நீ இரண்டாம் வருஷ பி.யூ.சி., பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். அவளுக்கு அப்பா வேண்டும் என்று பார்த்தவள், உனக்கு அம்மா வேண்டும் என்று பார்க்கவில்லையே. காலேஜில் உன் பெஞ்சில் உட்கார்ந்த பெண் இடம் மாறிக்கொண்டாளே, கோயிலில் உன்னைப் பாட்டுக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்களே, அதெல்லாம் வரும் என்று அவளுக்குத் தெரியாதா. தெரியும். எல்லாம் யோசிக்கிறவள் அவள். ஜெயிலில் மனுப் போட்டுப் பார்க்கப் போனபோதெல்லாம் பொண்ணு சாப்பிடறாளா, தூங்கறாளா என்று கேட்டாளே தவிர, கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து இதைக் குறித்து ஒரு வார்த்தை எனக்குச் சொல்லவில்லை. நானும் பயத்தில் எதையும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இருந்தும் என்னை நம்பவில்லை என்பதுதான் இந்த வயதில் எனக்கு விளங்குகிறது, நம்பும்படியான ஆளாக நான் இருக்கவுமில்லை. அப்படியானால் அவள் காலனி ஜனத்தைப் பார்த்தாள், நம்மைப் பார்க்கவில்லை என்பதுதானே கணக்கு. இதை உன்னிடம் ஒத்துக்கொண்டுவிட்டால் உனக்கும் ஒரு ஆறுதல், கோபத்தில் நீ தனியாக இல்லை என்று. பெரிய மனுஷியாக இருந்தாள், நமக்கு அம்மாவாகவும் மனைவியாகவும் கொஞ்சம் குறைவாக இருந்தாள். இப்படி நினைக்க எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஐந்தாவது, சேலை. கேஸ் முடிந்தால் போலீஸ் எடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கலாம் என்று சோஃபியா சொன்னாள். வேண்டாம் என்று சொல்ல வந்தேன், வேண்டும் என்று வாயில் வந்தது. பழுப்புக் காகிதத்தில் பொட்டலமாக, அரக்கு வைத்து, நம்பர் எழுதி, ஒரு சோப்புப் பெட்டி அளவுக்கு ஒடுங்கிப்போய் இருந்தது, சேலை இவ்வளவு சின்னதாக ஆகுமா. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பிரிக்கவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் உட்காரும் பிரம்பு நாற்காலியில் வைத்தேன், அது தவறாகப் போயிற்று. இப்போது எழுந்தாலும் உட்கார்ந்தாலும் அது என்னைப் பார்க்கிறது. மழை நேரத்தில் காகிதத்துக்குள்ளிருந்து அணைந்த மெழுகுவர்த்தியின் வாசனை வருகிறது, இத்தனை வருஷம் கழித்து வராது என்று அறிவு சொல்கிறது, வருகிறது. அலமாரிக்குள் வைத்துச் சாத்தலாம் என்று எழுந்தேன், கதவைச் சாத்துவது அவளை மறுபடி உள்ளே வைப்பதுபோலத் தோன்றியது, அப்படியே விட்டேன். பழக்கத்தில் காபி போட்டால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறேன்.

கல்லைப் பற்றி. வரும் கல்லறைத் திருநாளன்று அம்மா கல்லறைக்குச் சங்கமே கறுப்புக் கல் வைக்கிறது. அன்று படத்தை மோட்டார் வண்டியில் வைத்து ஊர்வலமாக முன்வாசல் வழியாகக் கொண்டுபோகிறார்கள். என்ன எழுதுவது என்று நான் சொல்ல வேண்டுமாம். குற்றமற்றவர் என்று பெரிய எழுத்தில் போடலாம் என்பது ஜாய்சன் எண்ணம். எனக்கு அது பிடிக்கவில்லை, ஏன் என்று அவனிடம் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சொல்லைப் பார்க்கிறவன் முதலில் என்ன குற்றம் என்றுதான் கேட்பான், கோர்ட்டை அவள் நெஞ்சுமேல் என்றைக்கும் உட்கார வைத்ததுபோல ஆகும். அவள் செய்யாததை எழுதி, செய்ததை விடுவதா. பெயரையும் வருஷத்தையும் போட்டு, அதன் கீழே, முன்வாசலில் நின்றவர் என்று மட்டும் போடலாமா என்று தோன்றுகிறது. காலனிப் பெரியவருக்கும் அது போதுமாக இருக்கலாம். உன் சம்மதம் இல்லாமல் சொல்ல மாட்டேன்.

இவ்வளவையும் எழுதி முடித்து, பிழை பார்ப்பதற்காக முதலிலிருந்து வாசித்தேன், என் வழக்கம் உனக்குத் தெரியும். மூன்றாவதில், இங்கே தேவையில்லை என்று நான் விட்ட இடத்தில் நின்றுவிட்டேன். வெட்கத்தில் விட்டது. அங்கே ஜெசிந்தா சொன்னது இதுதான். ஒம் பொண்ணுக்கு யாரு இருக்கா என்று கேட்டதும் சூசைமாணிக்கம் அழுதுகொண்டே, அப்ப ஒங்க பொண்ணு டீச்சரம்மா என்று கேட்டாராம். அதற்கு உன் அம்மா, எம் பொண்ணுக்கு அவ அப்பா இருக்காரு, சரியான பயந்தாங்கொள்ளி மனுஷன், ஆனா புள்ளைய வுட்டுட்டு ஒரு அடி நகர மாட்டாரு, அவரு இருக்கற தைரியத்துலதான் நான் உள்ள போறேன் என்றாளாம். பயந்தாங்கொள்ளி என்றதும் எல்லோரும் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பில் அதற்கடுத்ததை நான் காதில் வாங்கவே இல்லை. அல்லது வாங்கியும், என்னைக் குறித்து அப்படி ஒன்று சொல்லியிருக்க முடியாது, ஜெசிந்தா மரியாதைக்குச் சேர்த்துச் சொல்கிறாள் என்று தள்ளிவிட்டேன். இப்போது எழுதும்போதுதான் யோசிக்கிறேன், மரியாதைக்குச் சேர்க்கிறவள் பயந்தாங்கொள்ளி என்றா சேர்ப்பாள். அது நோராவின் பேச்சேதான், வேறு யாருக்கும் அப்படிப் பேச வராது.

அந்தப் பரீட்சை நாட்கள் உனக்கு நினைவிருக்கிறதா ஐரின். உன்னோடு பஸ்ஸில் வந்து, நீ உள்ளே போனபிறகு, சென்டர் வாசலில் மழைமரத்தடியில் நின்றுகொண்டிருப்பேன், நீ எழுதி முடித்து வரும்வரை. ஏம்ப்பா இங்கயே நிக்கறீங்க, எல்லாரும் பாக்கறாங்க, வீட்டுக்குப் போங்க என்று திட்டினாய். யாராவது உன்னிடம் ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பயம், பயத்தில் நின்றேன், வேறொன்றும் செய்யத் தெரியாமல் நின்றேன். உனக்குத் தலை பின்னிவிட்டதும் அப்படித்தான், கோணல் கோணலாக வரும், நீ அதோடே போனாய். அதையெல்லாம் என் கையாலாகாத்தனம் என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். நான் அந்த மரத்தடியில் நிற்பேன் என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் உள்ளே போனாள். என்னிடம் சொல்லாததும் நம்பாமல் அல்ல, சொன்னால் அந்த வாரமே நான் பயத்தில் கோர்ட்டுப் படியேறி எல்லாவற்றையும் சொல்லி அழுதிருப்பேன், அதுவும் அவளுக்குத் தெரியும். ஜெசிந்தாவுக்கு ஒரு அப்பா இருந்தால் போதும் என்றும், உனக்கு நான் போதும் என்றும் நினைத்திருக்கிறாள். போதுமானவனாக இருந்தேனா என்று நீதான் சொல்ல வேண்டும், அவள் அப்படி நினைத்தாள் என்பது மட்டும் எனக்கு இப்போது உறுதி.

ஆகவே முதல் பக்கத்தில் நான்காவதாக எழுதியது தவறு. நீ கேட்டதைத் தவறு என்று சொல்லவில்லை, உனக்குத் தெரியாமல் கேட்டாய். எல்லோர் முன்னாலும் என்னிடம் சொல்லப்பட்டும் கேளாதவன் நான். அந்த வரியை அடிக்கப் பேனாவை எடுத்தேன், அடிக்காமல் விட்டிருக்கிறேன், எங்கே பிசகினேன் என்று நீலும் பார்க்கட்டும். பொட்டலம் நாற்காலியிலேயே இருக்கும், நீ என்றைக்கு வந்தாலும் அன்று இருவருமாகப் பிரிக்கலாம், அதுவரை எனக்கு அதோடு இருக்கப் பயமில்லை, அல்லது கொஞ்சம்தான்.

உன் தலைமீதும் பிள்ளை தலைமீதும் அம்மாவின் கையும் என் கையும் இருக்கிறதாக நினைத்துக்கொள், ஆண்டவர் உங்களை நடத்துவார். கல்லுக்கு என்ன வார்த்தை என்று சீக்கிரம் சொல், கல்கொத்துகிறவர் காத்திருக்கிறார். நீலுக்குத் தலை துவட்ட மறக்காதே.

உன் பரீட்சைக்கு மரத்தடியில் நின்ற,
அப்பா,
ஞானசேகரன்